நன்றி சொன்னால் பட்டுப்போகும் நாற்று

ஒரு சொல் எண்ணூறு ரூபிள், அதுவும் வரும் என்று உத்தரவாதம் கிடையாது... முப்பது வருஷம் சந்தையில் திரைச்சீலை விற்றவளிடமே இந்த வியாபாரம், என்று நினைத்துக்கொண்டே தாஸ்யா ஸ்டூலின் மேல் நின்று, உதட்டில் கவ்வியிருந்த ஆணியை எடுத்து ஜன்னல் சட்டத்தில் வைத்து அடித்தாள், வாரம் ஒரு தரம் வந்து அந்த எண்ணூறை வாங்கிப்போகிற பேச்சுப் பயிற்சிக்காரப் பெண் ஆப்பிள் படம் காட்டுவாள், கோப்பைப் படம் காட்டுவாள், புருஷன் வேன்யா எல்லாவற்றையும் உற்றுப் பார்த்துவிட்டு "அதான்" என்பான், பசிக்கிறதா, அதான், வலிக்கிறதா, அதான், உன் பெண்டாட்டி பேர் என்ன, அதான்... பனிக்காலத்தில் மூளையில் ரத்தம் அடைத்து விழுந்தவன், வலது கையையும் மொத்தப் பேச்சையும் ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட்டு இந்த ஒரு சொல்லை மட்டும் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான், கோடைக்குள் இன்னொரு சொல் வந்துவிட்டால் மற்றதும் ஒவ்வொன்றாக வரலாம், வராவிட்டால் இவ்வளவுதான் என்றார் டாக்டர், விலையில் ஒரு காசு குறைக்க மாட்டேன் என்கிற கடைக்காரன் முகத்தோடு. மே மாதம் பாதி தாண்டிவிட்டது. கோடை வாசலில் நிற்கிறது. வேன்யா கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, இடது கையில் தடியைப் பிடித்து, அந்தச் சட்டத்தை இந்தப் பக்கம் தள்ளு என்று காட்டிக்கொண்டிருக்கிறான், தள்ளுகிறேன், தள்ளுகிறேன், எனக்கென்ன நாலு கையா?

எல்லாம் குப்பைத் தொட்டி ஜன்னல். அடுக்குமாடிக்காரர்கள் வரிசையாகப் பிளாஸ்டிக் ஜன்னலுக்கு மாறிய வருஷம், இவன் சிஸ்ரான் ஊர் முழுக்கச் சுற்றி, தூக்கியெறிந்த மரச் சட்டங்களைக் கண்ணாடியோடு பொறுக்கி, கார் தலையில் கட்டி, ஊருக்கு வெளியே இந்தத் தோட்ட வீட்டுக்குக் கொண்டுவந்து தார்ப்பாய் போட்டு மூடினான், தக்காளிக்குக் கண்ணாடிக் குடில் கட்டப் போகிறானாம், எப்போது, அடுத்த வருஷம்... அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. ஜன்னலை மூடத் துணி விற்றுச் சாப்பிடுகிற குடும்பத்தில் ஜன்னலாலேயே வீடு கட்டுகிறாயா, என்று எத்தனை தரம் திட்டியிருப்பாள்? ஆனால் ஆஸ்பத்திரி நடையில், ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து, அவள்தான் பேரம் பேசினாள், யாரிடம் என்று அவளுக்கே தெரியாது, இந்த ஆளைத் திருப்பிக் கொடு, அந்தக் குப்பையை நானே என் கையால் கட்டித் தருகிறேன்... ஆளை என்று மட்டும் கேட்டாள், பேச்சோடு என்று சொல்ல மறந்துவிட்டாள், சந்தையில் ஒரு பயலும் அவளை இப்படி ஏமாற்றியதில்லை. சரி, வாக்கு வாக்குதான். இதோ பல் டாக்டர் கிளினிக் ஜன்னல், கீழ்ப்பாதி வெள்ளை அடித்தது, தக்காளிக்கு மட்டும் என்ன வெட்கமோ, இதோ வெப்பமானி இன்னும் திருகியே இருக்கிற ஒன்று, இதில் யாரோ குளிருக்கு இடுக்கை அடைத்து ஒட்டிய காகிதப் பட்டை, எத்தனை பேர் இதற்குள்ளிருந்து பனியைப் பார்த்திருப்பார்கள், எத்தனை பேர் புருஷன் எப்போது வருவான் என்று...

"அதான்! அதான்!" தடி தரையில் தட்டுகிறது. என்ன இப்போது? ஓ, கீல் உள்பக்கம் போய்விட்டதா, காற்றுக்குத் திறக்கிற சின்னக் கண்ணாடி எதிர்ப்பக்கம் திறக்கும், சரி, கழற்றுகிறேன். இந்த ஒரு சொல்லில் அவள் ஒரு பாஷையே கற்றுக்கொண்டாள், இழுத்தால் தேநீர், வெட்டினால் கோபம், மூக்கால் வந்தால் மகளிடமிருந்து ஃபோன் வரவில்லையே என்று. உண்மையைச் சொன்னால்... யாரிடம் சொல்ல, இந்த ஆணியிடம் சொல்லலாம்... முதல் இரண்டு வாரம் வீடு அமைதியாக இருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது. சூப்பில் உப்பு பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் மட்டும் என்ன வாழ்ந்தது, அவன் வேலை செய்த ஆலையில் சம்பளம் நின்றுபோன வருஷங்களில், கோணிப்பை கோணிப்பையாகச் சரக்கு சுமந்து ரயிலில் நின்றுகொண்டே வந்து, பைகளை இறக்கிவைத்து அடுப்பைப் பற்றவைத்து ஒரு தட்டு வைப்பாள், அவன் தின்றுமுடித்துத் தட்டைத் தள்ளி, "சாப்பிடலாம்" என்பான். அதுதான் பாராட்டு. அதற்கு மேல் ஒன்று அவன் வாயிலிருந்து வந்ததில்லை. பிறகு ஒரு காலை அந்தச் "சாப்பிடலாம்" கூட வராது என்று உறைத்தபோது சூப்பில் இரண்டாம் தரம் உப்பைப் போட்டாளே, அது எதற்கு?

"என்னடி தாஸ்யா, வீடு கட்டறியா, மீன் தொட்டி கட்டறியா?" வேலிக்கு அந்தப் பக்கம் கிளாவா, பக்கத்துத் தோட்டக்காரி, கையில் ஒரு தட்டில், பால் அட்டைப்பெட்டிகளை வெட்டி அதில் வளர்த்த தக்காளி நாற்று. உன்னை உள்ளே விட்டால் மீன் தொட்டிதான் என்றாள் தாஸ்யா. "தண்ணி ஊத்தறப்ப சொல்லு, நீச்சலுடையோட வர்றேன்" என்று கிளாவா வேலிக் கதவை இடுப்பால் தள்ளிக்கொண்டு வந்தாள், ராத்திரி குளிர் திரும்புமாம், ரேடியோவில் சொன்னானாம், கூரையை மூடிவிட்டாயா, ஒரு கண்ணாடி குறைகிறதா, பாலிதீன் அடி, ஆணி வேண்டுமா... பேசிக்கொண்டே தட்டோடு நாற்றை வேன்யாவின் மடியில் வைத்தாள். நாற்றுக்கு நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் வேர் பிடிக்காது, பட்டுப்போகும், வாங்குகிறவர் கொடுப்பவர் கையில் ஒரு காசை வைத்து விலைக்கு வாங்கியதாக ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் முகத்தைச் சுளித்து, இவ்வளவு நோஞ்சானாக இருக்கிறதே என்று குறை சொல்ல வேண்டும், இதில் வேன்யாதான் ராஜா, மற்ற வருஷமெல்லாம் இவன் சொல்கிற குறைக்கு கிளாவாவின் நாற்று காடாக வளர்ந்தது... தாஸ்யா குடிலுக்குள்ளே நின்று, பாலிதீனை இழுத்துப் பிடித்து, காசு எடுக்க ஏப்ரனில் கையை விட்டாள். வேன்யா இலையைத் தொட்டான். நிமிர்ந்தான். உதடு கோணிக்கொண்டது, கழுத்து நரம்பு புடைத்தது. "நன்றி" என்றான்.

தெளிவாக. மழலை இல்லாமல். "ஐயையோ, வாய மூடு கெழவா!" கிளாவா கெட்டது விலக இடது தோளுக்கு மேல் மூன்று தரம் துப்பினாள், "பிப்ரவரிலேந்து பெத்த புள்ள மாதிரி வளத்தேனே, ஒரே சொல்லுல கொன்னுட்டானே..." அப்புறம்தான் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். இத்தனை மாதம் இந்த வாய் திறக்காதா என்று மெழுகுவத்தி ஏற்றியவள் அவள்தான். "தாஸ்யா... பேசினான்ல?" பேசினான். பேசினான்... தாஸ்யா மண்மேட்டில் அப்படியே உட்கார்ந்து சிரித்தாள், சிரிப்புதானா அது, மூக்கு ஒழுகுகிறது, பட்டுப்போகட்டும், எல்லா நாற்றும் பட்டுப்போகட்டும், சந்தையில் தக்காளி கிடைக்கும், கிலோ என்ன விலை வேண்டுமானாலும் விற்கட்டும். கிளாவா உள்ளே வந்து அவள் தோளை உலுக்கினாள். "அப்பறம் அழுவடி, மொதல்ல காசப் போடு, காசு போட்டா சொன்னது சொல்லாததா ஆயிடும்." சொல்லாததாக... ஏப்ரன் பைக்குள் இரண்டு விரலுக்கு நடுவில் காசு இருந்தது, பஸ்காரன் கொடுத்த மீதி, சூடாகவே இருந்தது. சொல்லாததாகவா ஆக வேண்டும்? "சில்லறை இல்ல" என்றாள். "முப்பது வருஷம் கடை வெச்சவகிட்ட சில்லறை இல்லியா?" "இல்ல." விரலை மெதுவாகப் பிரித்து, காசை அடியில் விழவிட்டு, கையை வெளியே எடுத்தாள்.

கிளாவா முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள், போகிற வழியெல்லாம் தெருவுக்குச் சொல்லிக்கொண்டு போவாள், போகட்டும். நெஞ்சில் கட்டிவைத்திருந்த மூட்டையை யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரி... ஒரு சொல் வந்தாயிற்று, பின்னாலேயே மற்றது வரும், முதலில் திட்டு வரும், வரட்டும், சூப்பில் உப்பு இல்லை என்று வரட்டும். ஆனால் இதுவா முதலில் வர வேண்டும்? இந்தச் சொல் அவனிடம் எங்கே இருந்தது, இத்தனை வருஷம் எந்தத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது? போனவன்தான் திரும்பி வந்திருக்கிறானா? யாருக்குச் சொன்னான், சொன்னபோது எங்கே பார்த்தான்... கிளாவா அவனுக்கு இடப்பக்கம் நின்றாள், அவன் முகம் நேரே இருந்தது, நேரே கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் பாலிதீனைப் பிடித்தபடி அவள், இல்லை, வெயில் பட்ட கண்ணாடியில் அவனுக்குத் தெரிந்தது அவன் முகம் மட்டும்தானோ? வெளியே வந்து, "வேன்யா, இன்னொரு தடவ சொல்லு" என்று அவனிடம் குனிந்தாள். "அதான்" என்றான். இழுக்கவில்லை, வெட்டவில்லை, மூக்கால் வரவில்லை, இது புது "அதான்", இதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. நிமிர்ந்து, உள்ளே போய்ப் பாலிதீனில் கடைசி ஆணியை அடித்தாள். ஜன்னல் இருபத்தாறு, அதில் கண்ணாடி உள்ளது இருபத்தைந்து. நாற்று பன்னிரண்டு, காலையில் எத்தனையோ. கிளாவாவுக்குத் தர வேண்டியது ஒரு காசு, தருவதாக இல்லை. சொல் ஒன்று வரவு... யார் பேரில் எழுதுவது என்பதுதான் தெரியவில்லை.