ஏழாவது முடிச்சு

லெஸ்டர் கயிற்றில் ஒரு விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சாகப் பத்து முடிச்சுகள் போட்டான். ஒரு முனையைப் படகைத் திருப்பும் மோட்டார் கைப்பிடியில் கட்டி, மறுமுனையை வலப்பக்கக் கப்பி வழியாகப் படகின் நடுவுக்குக் கொண்டுவந்தான். தூண்டில் கம்பிகளைச் சுற்றும் கைச்சக்கரங்கள் அங்கேதான் இருந்தன. கைப்பிடியை இடப்பக்கம் இழுத்துப் பிடிக்க, லாரி டியூப்பைக் கீறிய ரப்பர். வேண்டிய முடிச்சைப் பலகையில் வெட்டிய பள்ளத்தில் மாட்டிவிட்டால் கைப்பிடி அசையாது. ஒற்றை ஆளாக இரண்டு கையாலும் சால்மன் மீனை இழுக்கலாம்.

அவனுடைய அக்கா யூனிஸ் படகுத்துறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது கோடைகளாக அந்தக் கைப்பிடியைப் பிடித்தவள் அவள்தான். இந்த ஏற்பாடு பலித்துவிட்டால் அவளுக்குப் படகில் இடமில்லை.

"கோச்சுக்காதக்கா. நீ உக்கார்ற பலகையக் கழட்டுனா இன்னொரு ஐஸ் பெட்டி வைக்கலாம்."

"ஐஸை விட நான் அவ்வளவு கனமா?"

"கனமில்ல. ஐஸ் வாயாடாது."

பக்கத்துப் படகில் வலை உலர்த்திக்கொண்டிருந்த கிழவர் ஹெர்மன் சிரித்தார். "டேய், அக்கா இல்லன்னா உனக்குக் காபி யாரு ஊத்துவா? அதுக்கும் ஒரு கயிறு கட்டு!"

லெஸ்டர் மூன்றாவது முடிச்சை மாட்டிக் கைகளைத் தூக்கிக் காட்டினான். துறைக்குள் படகு கோடு கிழித்த மாதிரி நேராகப் போனது.

யூனிஸுக்கு ஒன்று தெரியும். தூண்டில்கள் தண்ணீரில் இல்லாமல்தான் அவன் சோதித்தான். ஆழத்துக்கு இறக்கும் ஈயக்குண்டு எப்போதும் வலப்பக்கக் கம்பியில். அந்தக் கனம் படகை வலப்பக்கம், கரை முனையில் நிற்கும் பாறைப் பக்கமாகவே இழுக்கும். அதற்காகவே அவள் கைப்பிடியை வலது புறமாகத் தள்ளி, படகை இடப்பக்கம் திருப்பிப் பிடிப்பாள். சொல்லிக்கொண்டதில்லை. படகு தானாகவே நேராகப் போகிறது என்று தம்பி நினைத்திருந்தான்.

சொல்ல வாயெடுத்தாள். பிறகு ஆறிப்போன காபியைக் குடித்து முடித்தாள்.

மறுநாள் மதியமே லெஸ்டர் திரும்பிவிட்டான். வலப்பக்கத்தில் தூண்டில் கம்பியைத் தாங்கும் கம்பு முறிந்திருந்தது. ஈயக்குண்டு, கம்பி, தூண்டில் எல்லாம் பாறையடியில். மீனை இழுத்துக்கொண்டிருந்தவன் தலை நிமிர்ந்தபோது பாறை கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததாம். படகு தப்பியதே பெரிது.

யூனிஸ் வீட்டில் புகையில் வாட்டுவதற்கு மீனைக் கீறிக்கொண்டிருந்தாள். படகில் அவள் போட்டு உட்காரும் மெத்தையை அவன் அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவது ஜன்னலில் தெரிந்தது. கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். கூப்பிட வருகிறான் என்றுதான் நினைத்தாள்.

அவன் மெத்தையை வாசற்படியில் வைத்தான். "உன்னுது. படகுல கெடந்து நனையுது."

"உள்ள வா."

"இல்லக்கா, வேலை கெடக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தூண்டில் இறக்குனப்புறம் நீ கைப்பிடிய எவ்வளவு தள்ளிப் பிடிப்ப?"

அவள் அவனைப் பார்த்தாள். தெரியாது என்றால் போதும். ஒரு வாரத்தில் கயிற்றை அவிழ்ப்பான். அல்லது பாறையில் மோதுவான். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தவனுக்குக் கால் மணி நேரம் கூட உயிர் தங்காது.

"நாலு விரல்," என்றாள். "முனைகிட்ட தண்ணி வத்துறப்ப ஆறு."

"வெறும் படகு மூணாவதுல நேரா போச்சு. அப்ப ஏழாவது முடிச்சு. முனையில ஒன்பதாவது." பேனாவை எடுத்துப் புறங்கையில் எழுதிக்கொண்டான். "இத நேத்தே சொல்லியிருக்கலாமில்லக்கா? ஒரு கம்பு போச்சு."

"கேட்டியா?"

போகும்போது அவன் வாசலோரத் தட்டிலிருந்து வாட்டிய மீன் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்துப் புதுக் கம்போடு படகு முனையைச் சுற்றிப் போனது. அவள் இடத்தில் வெள்ளை ஐஸ் பெட்டி. லெஸ்டர் இரண்டு கையாலும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். பின்னால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்தியா யூனிஸ்," என்றார் ஹெர்மன், துறையில் அவள் பக்கத்தில் நின்று. "ஆளே இல்ல, என்னா நேரா போகுது!"

"போகும்," என்றாள் அவள்.