நீலத் திரையில் பத்து விநாடி

அந்த விசையை அழுத்தியது நான்தான். காலை ஒன்பது மணி இருக்கும். மழை தூற ஆரம்பித்ததும் தம்பி மனைவி கொடியில் கிடந்த துணிகளை எடுக்க மாடிக்கு ஓடினாள். ஜன்னலோர மேசையில் அவளுடைய கம்ப்யூட்டர் ஒருமுறை அணைந்து, மறுபடி எழுந்துகொண்டிருந்தது. நான் பக்கத்து நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு சும்மா உட்கார்ந்திருந்தேன். வலது கண்ணில் புரை எடுத்து எட்டாம் நாள். இன்னும் இரண்டு வாரத்துக்கு ஒரு எழுத்தும் படிக்கக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியே பிழைத்தவளிடம் சொல்கிற பேச்சா அது? மருந்துச் சீட்டு, சோப்பு உறை, காலண்டர் தாள் என்று எதிரே வந்ததையெல்லாம் திருட்டுத்தனமாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது திரை முழுக்க நீலமாகி, வெள்ளை வெளேரென்று பெரிய ஆங்கில எழுத்துகள் வந்தன. என் கண்ணுக்கென்றே அச்சடித்த மாதிரி. ஏதாவது ஒரு விசையை அழுத்துங்கள் என்றது. பக்கத்தில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கியது. யாரோ வாசலில் நின்று அவசரமாகக் கூப்பிடுவதுபோல இருந்தது. அழுத்தினேன். நான்கு வரிகள் வந்தன. முதல் வரி, ‘தொடர்க’. தொடரட்டுமே, அதில் என்ன வந்துவிடப்போகிறது என்று இன்னொரு தடவை அழுத்தினேன்.

அவள் துணிமூட்டையோடு இறங்கி வந்தபோது நீலம் போய்விட்டிருந்தது. வழக்கமான திரை வந்திருந்தது, ஆனால் எழுத்தெல்லாம் ஊதிப் போய், படங்களைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டது போல. அவள் துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு நின்றபடியே பார்த்தாள்.

“என்னம்மா ஆச்சு?” என்றேன்.

“டிரைவர் ஏறலை அண்ணி.”

“எந்த டிரைவர்? வண்டி ஏதாவது வரணுமா?”

சிரித்தாள். அவள் என் முன்னால் சிரிப்பது அபூர்வம். “நேத்து கிராஃபிக்ஸ் கார்டு புதுசா மாட்டினேன்ல, அதுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல நின்னு பேசி வைக்கிற புரோகிராம் அண்ணி. அதுக்குப் பேருதான் டிரைவர். அது இல்லேன்னா ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள இருந்தாலும் பேசிக்காது.”

நம்மைப் போல என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவள் இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடமாகிறது. சண்டையென்று ஒன்றும் கிடையாது. சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன், தூங்கினீர்களா, தூங்கினேன். அதற்கு மேல் பேச்சு வளராது. கல்யாணமான புதிதில் அவள் தம்பிக்கு எழுதிய ஒரு கடிதத்தை, மேசையில் திறந்து கிடந்ததே என்று, நான் படித்து மூன்று இடத்தில் ஒற்று போட்டு வைத்தேன். அன்றைக்கு ஒடுங்கியவள்தான். தப்பு செய்தது நான் என்று எனக்குத் தெரியும். ஆனால் சொன்னதில்லை. மற்றவர்கள் தப்பைச் சுழித்துக் காட்டியே சம்பளம் வாங்கியவளுக்குத் தன் தப்பைச் சொல்ல வாய் வருவதில்லை.

தம்பி கப்பலில் இருக்கிறான். நடுக்கடலில் இருந்தால் போன் எடுக்காது. அதனால் கம்ப்யூட்டருக்கு என்ன வந்தாலும் அவளேதான் பார்த்துக்கொள்வாள். அவள் வேலை, கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் வடிவமைப்பது. காலின் மிச்சம் போய் உட்காருகிற கிண்ணம் இருக்கிறதே, அதைத் திரையில் மண் பிசைவதுபோல இழுத்தும் அழுத்தியும் உருவாக்கிப் பட்டறைக்கு அனுப்பினால், அங்கே ஓர் இயந்திரம் அந்த அளவுக்கு அச்சுக் கடைந்து கொடுக்கும். விண்டோஸ் கிடையாது, லினக்ஸ் என்கிற இயங்குதளத்தில்தான் எல்லாம் செய்வாள். அன்றைக்கு ஒரு பேக்கரிக்காரருடைய முறை. பழைய கிண்ணம் எலும்பில் இடித்துப் புண்ணாக்கி, மூன்று மாதமாக அவர் அடுப்புப் பக்கம் நிற்கவில்லை. கிண்ணத்தை ஓர் இடத்தில் கொஞ்சம் விரித்துக் கொடுத்தால் போதும். ஒன்றரை மணிக்குள் கோப்பு பட்டறைக்குப் போய்விட வேண்டும். ஏனென்றால் மறுநாள் காலையில் அந்த இயந்திரத்தைப் பழுதுபார்க்கக் கழற்றுகிறார்கள். மாட்ட மூன்று வாரம் ஆகுமாம். இதையெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை. பட்டறைக்காரரோடு போனில் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். படிக்கக்கூடாது என்றுதானே டாக்டர் சொன்னார்.

டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். கறுப்புச் சதுரத்தில் வெள்ளை வரிகள் மழை மாதிரி ஓடின. அணைத்து எழுப்பினாள். நீலத் திரை வருகிறதா என்று நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். வரவில்லை. எழுத்துகள் ஊதியபடியேதான் வந்தன. கிண்ணத்தின் படத்தைத் திறந்து சுழற்றிப் பார்த்தாள். அது நின்று நின்று, வெட்டி வெட்டித் திரும்பியது, கடைசியில் அப்படியே உறைந்து, புரோகிராமும் மூடிக்கொண்டது. வேறு பதிப்பு டிரைவரைப் போட்டாள். பெட்டியைத் திறந்து கார்டைப் பிடுங்கித் துடைத்து மாட்டினாள். போனில் யார் யாரோ எழுதியிருந்த யோசனைகளைப் படித்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, வேலைக்கு ஆகாததை ஒரு நோட்டில் அடித்தாள். ஒருத்தன் சொன்னதை அடுத்தவன் மறுத்திருந்தான் போலிருக்கிறது. “இவங்களுக்குள்ளயே ஒத்துப்போகல” என்று முணுமுணுத்தாள்.

பதினோரு மணிக்குத் திரையில் ஒரு வரியில் விரலை வைத்தாள். “ஏதோ கீயை ஏத்துக்கலையாம். எந்தக் கீ?”

கீ என்றால் விசை. நான் அழுத்திய விசை. இந்தப் பெட்டி அதைப் பார்த்து, குறித்து வைத்து, இப்போது பேர் சொல்லாமல் காட்டிக்கொடுக்கிறது. எழுந்து சமையலறைக்குப் போய் இரண்டு பேருக்கும் டீ போட்டேன். சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டேன் என்பது குடிக்கும்போதுதான் தெரிந்தது. அவள் திரையைப் பார்த்தபடியே குடித்தாள்.

பதினொன்றரைக்குப் பேக்கரிக்காரர் போன் செய்தார். ஒலிபெருக்கியில் அவர் குரல் கணீரென்று வந்தது. “மேடம், நான் மூணு மணிக்கே பட்டறைக்கு வந்துடறேன். திங்கக்கிழமை அடுப்பு பத்த வைக்கச் சொல்லிட்டேன். நீங்க சொன்னா சரியா இருக்கும்னு ஒரு தைரியம்தான்.”

“வாங்க” என்று வைத்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் தட்டவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். என்னிடம் இல்லை, தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள்: “நேத்து கார்டு மாத்தினதே தப்பு. எல்லாம் தெரிஞ்ச மாதிரி நானே மாட்டினேன். அவசரப்பட்டு எங்கேயோ ஒரு படியை விட்டிருக்கேன். என் புத்தி இப்படித்தான்.” பிறகு போனை எடுத்தாள். பேக்கரிக்காரர் எண்ணைத் தேடுகிறாள் என்பது தெரிந்தது.

நான் செய்ததற்கு அவள் தன் தலையில் குட்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“போனைக் கீழ வைம்மா” என்றேன். “நீ எதையும் விடலை. நான்தான் அழுத்தினேன்.”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“காலையில நீ துணி எடுக்கப் போனப்போ. நீலமா ஒண்ணு வந்தது. ஏதாவது அழுத்துன்னு சொல்லிச்சு. அழுத்தினேன். அப்புறம் தொடர்கன்னு ஒரு வரி. அதையும் அழுத்தினேன். தப்பு என் மேலதான்.”

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை. அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நீலமா? முழுத்திரையா? அண்ணி, தொடர்கவுக்குக் கீழ என்ன இருந்துது?”

கேட்டது என்னை. ஒரு தடவை பார்த்த பக்கத்தில் எத்தனையாவது வரியில் என்ன இருந்தது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு, மேலே இருந்த தலைப்பு, நான்கு வரிகள், அவற்றின் ஆங்கில எழுத்துக்கூட்டு, எது பெரிய எழுத்து, எது சிறிய எழுத்து எல்லாம் ஒப்பித்தேன். இரண்டாவது வரியைச் சொன்னபோது அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “பதிவு செய்யவா? அதுதான்! அதுக்குத்தான் காலையில பாஸ்வேர்டு கேட்டுச்சா! நான் வேற எதுக்கோன்னு நினைச்சேன்.”

போனில் அந்த வார்த்தைகளைப் போட்டுத் தேடினாள். ஒரு நிமிடத்தில் விஷயம் வெளியே வந்தது. தெரியாத புரோகிராம் எதையும் உள்ளே விடாத ஒரு காவல் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதாம். புது டிரைவர் கையில் ஒரு சாவி இருக்கும். ஆள் ஒருவர் நேரில் உட்கார்ந்து, அந்த நீலத் திரையில், ‘இது எங்களுக்கு வேண்டியவர்தான்’ என்று சாவியைப் பதிந்துகொடுக்க வேண்டும். தொடர்க என்று சொல்லிவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். மறுபடி நாமாகக் கேட்கிற வரைக்கும் அது வராது. ஏற்காத கீ அந்தச் சாவிதான், நான் தட்டிய விசை இல்லை. அப்படியும் குற்றம் என்னுடையதுதான், அது வேறு.

“காலையிலேயே சொல்லியிருந்தா…” என்று ஆரம்பித்தாள். முகம் சிவந்துதான் இருந்தது. அப்படியே நிறுத்திக்கொண்டு மூச்சு விட்டாள். “சரி, விடுங்க. இப்ப சொன்னீங்களே.”

“அந்தக் கடுதாசிலயும் நான் ஒற்று போட்டிருக்கக் கூடாது” என்றேன். எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. ஒரு தப்பை ஒப்புக்கொண்டதும் அடுத்தது பின்னாலேயே வந்துவிட்டது.

“அதுல ரெண்டு இடம் சரிதான் அண்ணி. மூணாவது இடத்துல ஒற்று வராது. அப்புறமா ஒரு ஆள்கிட்ட கேட்டேன்.”

அவள் திரும்பிக்கொண்டு கட்டளை ஒன்றைத் தட்டினாள், பாஸ்வேர்டு இரண்டு தடவை கொடுத்தாள், கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினாள். திரை நீலமானது. பத்து, ஒன்பது.

“நீங்க படிங்க அண்ணி, நான் அழுத்தறேன்.”

“டாக்டர்…”

“நாலு வரிதானே?”

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தேன். இரண்டாவது வரி. பிறகு தொடர்க, இந்தத் தடவை அது சரியான தொடர்கதான். பிறகு ஆமாம். பாஸ்வேர்டு தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை, அது அப்படித்தானாம். அணைந்தது. எழுந்தது. எழுத்துகள் ஒழுங்கான உடம்போடு, கூர்மையாக, அது அது அதனதன் இடத்தில் வந்து நின்றன. நல்ல அச்சு என்று நினைத்துக்கொண்டேன். அவள் கிண்ணத்தைத் திறந்து சுழற்றினாள். எண்ணெய் விட்ட கதவு மாதிரி சத்தமில்லாமல் திரும்பியது. எங்கே இடிக்கிறது என்று எனக்கு விரலால் காட்டினாள். அந்த இடத்தை மெல்ல வெளியே இழுத்தாள், நகத்தளவுகூட இல்லை. “இவ்வளவுதானா?” என்றேன். “இவ்வளவுக்காகத்தான் அவர் மூணு மாசமா உக்காந்திருக்கார்” என்றாள். ஒன்று பத்துக்குக் கோப்பு போய்விட்டது.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, “நீங்களும் வாங்களேன்” என்றாள். ஆறு வருடத்தில் முதல் தடவை. மழை விட்டிருந்தது. இரண்டு பேரும் ஒரு குடையை விரிக்காமல் மாற்றி மாற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தோம்.

பேக்கரிக்காரர் எங்களுக்கு முன்னாலேயே வந்து, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நல்ல பருமனான மனிதர். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கட்டி ஒன்று மெதுவாக அவருடைய காலின் வடிவத்துக்கு வந்துகொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்தோம். தடுப்பின் அடியில் இருந்த இடுக்கு வழியே வெண்தூள் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் வந்து தரையில் படிந்தது. பேக்கரிக்காரர் பெஞ்சிலிருந்தபடியே குனிந்து, அதில் ஒரு சிட்டிகை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.