பேகத்துக்குக் கஞ்சி

கெங்கம்மா குதிரையின் நாக்கை இடது கையால் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு, வலது கையை அதன் கடைவாய்க்குள் விட்டிருந்தாள். வாசலில் சாவு மேளம் தொடங்கியிருந்தது. "பொண்டாட்டிக்காரி எங்கடி?" என்று யாரோ கேட்பதும், "பின்னாடி கொட்டாயில, குதிரையாண்ட கீறா" என்று யாரோ சொல்வதும், அதற்கு இன்னொருத்தி உச்சுக் கொட்டுவதும் தகரத் தடுப்பைத் தாண்டி வந்தன.

நாக்கைப் பிடித்திருந்தால் குதிரை கடிக்காது. கடித்தால் தன் நாக்கைத்தான் கடித்துக்கொள்ள வேண்டும். புருஷன் கன்னியப்பன் இப்படிச் செய்வதைப் பதினெட்டு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். அவளைச் செய்ய விட்டதில்லை.

விரல்கள் மேல்வரிசைப் பற்களின் வெளி விளிம்பைத் தடவிக்கொண்டு போயின. மூன்றாவது பல்லில் சுரீரென்றது. கையை வெளியே எடுத்துப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் பிளேடு போட்டதுபோல ஒரு கீறல். மறுபடி கையை விட்டுக் கன்னத்தின் உட்புறத்தைத் தொட்டதும் பேகம் தலையை உதறிப் பின்வாங்கியது. அங்கே புண்.

"இதானா," என்றாள் கெங்கம்மா. "இதுக்குத்தான் மூணு வாரமா பட்டினி கெடந்தியா."

பேகம் பெட்டைக் குதிரை. பழைய சொந்தக்காரரான பாய் வைத்த பெயரைக் கன்னியப்பன் மாற்றவில்லை. பூந்தமல்லி மார்க்கெட்டுக்குப் பூக்கூடைகளும் கீரைக்கட்டுகளும் அது இழுத்த வண்டியில்தான் வந்து சேர்ந்தன. கன்னியப்பன் படுத்த படுக்கையான நாளிலிருந்து அது சரியாகத் தின்னவில்லை. விலா எலும்புகளை எண்ணலாம் என்கிற அளவுக்கு ஆகியிருந்தது. தெருவே அதைப் பற்றித்தான் பேசியது. வாயில்லா ஜீவன், அதுக்குத் தெரியுது பாரு எஜமான் போகப்போறான்னு. வந்து பார்த்தவர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, பின்னால் போய்க் குதிரையையும் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். இன்று காலையில் நாத்தனார் பொன்னியம்மா பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து அதையும் சேர்த்து ஒப்பாரி வைத்தாள். குதிரைக்கு இருக்கும் பாசம் கட்டியவளுக்கு இல்லையாம். அது உண்ணாமல் உருகுகிறதாம், இவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லையாம்.

கெங்கம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தாலி கட்டிக்கொள்ளாத குறைதான், பேகம் அவளைவிட நல்ல பெண்டாட்டியாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் உலகநாதன் வந்து அவள் முன்னால் குந்தினான். கன்னியப்பனின் தம்பி. பிள்ளை இல்லாத அண்ணனுக்கு அவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். ஆவடியில் கம்பெனி வேலை. மீசையை அழுத்தமாக மழித்திருந்த முகம் சின்னப் பையன் முகம்போல இருந்தது.

"அண்ணி, நாலு மணிக்கு வானகரத்துலேர்ந்து பரந்தாமன் ஆள் அனுப்பறான். குதிரைய ஓட்டிகினு பூடுவாங்க."

"இன்னும் அவரையே எட்த்துகினு போல. அதுக்குள்ள குதிரையா?"

"அதுவும் செத்துச்சின்னா பொதைக்க எடம் கீதா? அண்ணன் போனா அதுவும் பூடும், ஊரே சொல்லுது. உசுரு கீறப்பவே குட்த்துட்டா நல்லது. நீயும் எங்கூட்டாண்ட வந்து இரு. ஒண்டியா இங்க இன்னா பண்ணப்போற?"

பரந்தாமன் வாங்கிக்கொண்டு போகிற குதிரைகளை அப்புறம் யாரும் பார்த்ததில்லை. உலகநாதன் வீட்டில் அவளுக்கு என்ன இடம் என்பதும் தெரிந்ததுதான். சமையலறைக்கும் குழாயடிக்கும் நடுவில்.

"அது தின்னா?" என்றாள்.

"இன்னா?"

"இன்னிக்கு அது வாய் வெச்சித் தின்னா?"

உலகநாதன் சுற்றிலும் பார்த்தான். கூடியிருந்த எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "தின்னா நான் ஏன் கேக்கறேன்? நீயே வெச்சி மாரடி."

கெங்கம்மா எழுந்து நேராகக் கொட்டாய்க்கு வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். முதல் முறையாகப் பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று வாரமாகப் புல்லைப் போட்டதும் தண்ணீரை ஊற்றியதும் அவள்தான். ஆனால் கண் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்தது. தொட்டியின் அடியில் பச்சைப் பச்சையாய் உருண்டைகள் கிடந்தன. பாதி மென்று, சுருட்டி, விழுங்க முடியாமல் துப்பிய புல். சாணத்தைக் காலால் கலைத்தாள். கொள்ளு முழுசு முழுசாக அப்படியே இருந்தது. துக்கத்தில் இருக்கிற குதிரை புல்லைத் தொடாமல் அல்லவா இருக்கும்? இது வாயில் வைத்து வைத்துத் தோற்றுப்போயிருக்கிறது.

அப்புறம்தான் வாய்க்குள் கையை விட்டாள்.

லாடம் அடிக்கும் செபாஸ்டியன் மாலையோடு வந்து, பிணத்தின் காலடியில் வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு திரும்பும்போது, தடுப்பின் ஓரத்திலிருந்து கெங்கம்மா கூப்பிட்டாள்.

"அண்ணாத்தே, உங்க அரம் எங்க கீது?"

அவர் திகைத்தார். "எந்த அரம்?"

"பல்லு ராவறது."

தன் விரலைக் காட்டினாள். செபாஸ்டியன் உள்ளே வந்து தானும் கையை விட்டுப் பார்த்தார். "ஆமாம்மா, கத்தி மாதிரி கீது. ஆறு மாசத்துக்கு ஒரு தபா ராவணும். கன்னியப்பன் ஆடில வரச் சொன்னான். நான் வந்தப்ப, ஒடம்பு சரியில்ல அப்பால பாக்கலாம்ன்ட்டான்." சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். "காரியம் முடியட்டும். பதினாறு கழிச்சி வந்து பண்றேன்."

"பதினாறு நாள் இது தாங்குமா?"

அவர் பேகத்தின் விலாவைப் பார்த்தார்.

"இன்னிக்கே பண்ணணும். இப்பவே."

"சாவு ஊட்லயா? மேளம் அடிச்சிகினு கீறான் தாயி. நாலு பேரு இன்னா பேசுவாங்க? நாக்க யாரு புடிக்கிறது?"

"நான் புடிக்கிறேன்."

செபாஸ்டியன் தலையைச் சொறிந்தார். "அவன் இருந்திருந்தா என்னைத்தான் ஒதைப்பான்," என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அரைமணியில் கோணிப்பையோடு வந்தார்.

நீளக் கைப்பிடி போட்ட அரம் பல்லில் ஏறி இறங்கியபோது எழுந்த சத்தம் மேளத்தை மீறிக் கேட்டது. ஒப்பாரி ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது. கெங்கம்மாவின் முழங்கை வரை எச்சில் வழிந்தது. பேகம் மிரண்டு காதுகளைப் பின்னால் மடக்கியது. அவள் தன் நெற்றியை அதன் கழுத்தில் முட்டுக்கொடுத்து நின்றாள். யாரோ ஒரு பெண் தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஐயையோ, குதிரைக்குப் பல்லு வெளக்கறாங்கடி" என்றாள். அடக்க முடியாமல் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள்.

அவளுக்கும் சிரிப்பு வந்திருக்கும். வேறொன்று குறுக்கே வந்து நின்றது.

ஆடி மாசத்தில்தான் கன்னியப்பன் சோற்றைத் தட்டோடு தள்ள ஆரம்பித்தான். "எறங்கல" என்பான். அதற்கு முந்தின வாரம் அவனுக்குக் காய்ச்சல். பூக்கூடைகள் வாடிப்போகுமே என்று அவளே வண்டியைப் பூட்டி மார்க்கெட்டுக்கு ஓட்டிப்போய்விட்டு வந்தாள். போகும்போது நின்று நின்று நடந்த பேகம், வரும்போது அவள் கைக்கு ஓடியே வந்தது. பொம்பள லகான் புடிச்சா ஊரு சிரிக்கும் என்று கன்னியப்பன் இரண்டு நாள் பேசவில்லை. அந்தக் கோபம்தான் தட்டில் வந்து நிற்கிறது என்று அவள் நினைத்தாள். அவளும் கோபத்தில் இருந்தாள். "எறங்கலன்னா பட்டினி கெட" என்று தட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். ஒரு நாள் அல்ல. சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகிச் சுற்றிவர ஆரம்பித்த பிறகும், வீம்பு, வீம்பு என்றே இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் விளக்கைப் பிடித்து, அவன் தொண்டையைப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்து, "இத்தனை நாள் யாரும் வாயைத் தொறந்து பாக்கலையா?" என்றார்.

"விடும்மா, முடிஞ்சிச்சி," என்றார் செபாஸ்டியன். அவள் இன்னும் நாக்கைப் பிடித்திருந்தாள்.

"இப்ப தின்னுமா?"

"புண்ணு கீதே. புல்லு வேணாம். தவுட்டுக் கஞ்சியா சூடா காய்ச்சிக் கொஞ்சம் கொஞ்சமா குடு. ஒரேடியா வெச்சிராத. காஞ்ச வயிறு, முறுக்கிக்கினா அவ்ளோதான்." அரத்தைப் பையில் போட்டவர், "காய்ச்சறதுக்குத்தான்..." என்று இழுத்து, வீட்டுப் பக்கம் பார்த்தார்.

பிணம் எடுக்காத வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. வந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டிலிருந்துதான் காப்பியும் சோறும் வந்துகொண்டிருந்தன. கெங்கம்மா கொட்டாய் ஓரத்தில் மூன்று கல்லைக் கூட்டினாள். பானையை வைத்தாள். சுள்ளியில் மண்ணெண்ணெய் தெளித்துத் தீக்குச்சியைக் கிழித்தாள்.

புகையைப் பார்த்து முதலில் ஓடி வந்தவள் பொன்னியம்மாதான். அவிழ்ந்த தலையோடு நின்று பார்த்தாள்.

"அடியே, எந்தம்பி வாசல்ல கெடக்கறான். அடுப்பு பத்த வெக்கிறியா?"

"ஆமா."

"உனக்கு இன்னா, புத்தி கித்தி பேதலிச்சிச்சா? ஊட்டுக்கே ஆவாது. பக்கத்தூட்ல காய்ச்சித் தரச் சொல்றது?"

கெங்கம்மா தவிட்டைக் கொட்டிக் கிளறினாள். உப்புப் போட்டாள். "மனுசங்களுக்குப் பக்கத்தூட்லேர்ந்து சோறு வருது, சரி. இதுக்கு எந்தூட்டுக் குதிரை காய்ச்சிக் கொண்ணாந்து குடுக்கும்?"

பொன்னியம்மா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"தின்னாம தின்னாமத்தான் ஒண்ணு செத்துச்சி," என்றாள் கெங்கம்மா. "இன்னொண்ண நான் உடமாட்டேன். சாமி குத்தம் ஆனா என்னண்ட வரட்டும். நான் பாத்துக்கறேன்."

அந்தப் பேச்சில் இருந்தது அழுகையா, அதட்டலா என்று பொன்னியம்மாவுக்குப் புரியவில்லை. அவள் அடுப்பில் எரிந்து வெளியே சரிந்த ஒரு சுள்ளியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.

கஞ்சி ஆறியது. பக்கெட்டில் இரண்டு கை அளவு ஊற்றி மூக்குக்குக் கீழே பிடித்தாள். பேகம் முகர்ந்தது. உதடு நடுங்கியது. தலையைத் திருப்பிக்கொண்டது.

வலிக்கும் என்று அதற்குத் தெரியும். மூன்று வாரமாக ஒவ்வொரு வாய்க்கும் வலித்திருக்கிறது. இனி வலிக்காது என்று அதற்கு எந்த மொழியில் சொல்வது?

நடுவே கோடி போடக் கூப்பிட்டார்கள். பிறந்த வீட்டுப் புடவையைத் தோளில் போட்டு, தலை நிறையப் பூ வைத்து, நெற்றி நிறையக் குங்குமம் அப்பி, கடைசித் தடவையாக அவளை அலங்காரம் செய்தார்கள். புருஷனின் வாயில் அரிசி போடச் சொன்னபோது, அவள் விரல் இடுக்குகளில் தவிடு ஒட்டியிருந்தது. அவன் வாய் கட்டியிருந்தது. அரிசி உதட்டின் மேல் தங்கி, மெல்ல உருண்டு கன்னத்தில் விழுந்தது. அவள் அதை எடுத்து மறுபடி வைத்தாள். யாரோ அவள் தோளைத் தொட்டு, "போதும்மா" என்றார்கள்.

திரும்பவும் கொட்டாய்க்கு வந்தாள். இந்த முறை பக்கெட்டை வைக்கவில்லை. கஞ்சியைக் கையில் அள்ளி, பேகத்தின் உதட்டில் தடவினாள். அது நக்கியது. மறுபடி தடவினாள். நக்கியது. மூன்றாவது முறை கையைக் குழித்து நீட்டியபோது, கையோடு சேர்த்து உறிஞ்சியது. அப்புறம் தாடை ஒருமுறை அசைந்து, நின்றது. எதற்கோ காத்திருப்பதுபோல் நின்றது. வலி வரவில்லை. தாடை மறுபடி அசைந்தது.

"அண்ணி, எடுக்கறாங்க. வா."

உலகநாதன் தீச்சட்டியோடு தடுப்பருகே நின்றிருந்தான். ஈர வேட்டி, மழித்த தலை. பக்கெட்டுக்குள் மூக்கை விட்டிருந்த குதிரையைப் பார்த்தான். அதன் காதுகள் சர்ப் சர்ப்பென்ற சத்தத்துக்கு ஏற்ப அசைந்துகொண்டிருந்தன.

"தின்னுதே," என்றான்.

"ம்."

சட்டியின் புகை அவன் கண்ணில் அடித்தது. அவன் முகத்தைத் திருப்பவில்லை. "அப்ப அண்ணனுக்காகப் பட்டினி கெடக்கலியா அது?"

கெங்கம்மா பேகத்தின் பிடரியைத் தடவினாள். "பல்லு வலி," என்றாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தேன்."

"வேணாம். ரெண்டு மணி நேரம் கழிச்சி." பக்கெட்டை எடுத்து எட்டாத இடத்தில் மாட்டினாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் போனாள்.

தெருமுனை வரைதான் பெண்கள் போகலாம். மேளம் கரையான்சாவடிப் பக்கம் தேய்ந்து மறையும்வரை நின்றுவிட்டுத் திரும்பினார்கள். வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள்.

நாலு மணிக்குப் பரந்தாமனின் ஆள் கயிற்றோடு வந்தான். தலை நிறையப் பூவும் குங்குமமுமாகக் கொட்டாய் வாசலில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துத் தயங்கினான்.

"தின்னாத குதிரைன்னாங்க."

"தின்னுது. தர்றதுக்கில்ல."

எட்டிப் பார்த்தான். "வெறும் எலும்புதான் கீது."

"சதை புடிக்கும்."

"புடிச்சி? ஆம்பள இல்லாத ஊட்ல யாரு வண்டி ஓட்டறது?"

"காலைல அஞ்சரைக்கு மார்க்கெட்டாண்ட வந்து நில்லு," என்றாள் கெங்கம்மா. "இந்த மாசம் இல்ல. அடுத்த மாசம். அது தேறட்டும். யாருன்னு நீயே பாப்ப."

அவன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

வெயில் இறங்கியிருந்தது. சுடுகாட்டுக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. இரண்டாவது கஞ்சியைப் பக்கெட்டில் ஊற்றி வைத்துவிட்டு, பேகத்தின் இடது பக்கம் போய் நின்றாள். மெல்லும் சத்தம் சீராக வந்தது. கழுத்தின் அந்தப் பக்கத்தில், தோலுக்கு அடியில், ஒரு சின்ன மேடு தொண்டையிலிருந்து கிளம்பி மார்புவரை வழுக்கிக்கொண்டு இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. கெங்கம்மா கீறல் விழுந்த விரலை அங்கே வைத்தாள். அடுத்தது வந்து, விரலைத் தூக்கிவிட்டு, கீழே இறங்கிப் போனது. அவள் கையை எடுக்கவில்லை.