தூங்க வந்தவர்

மதிய டீக்குப் பிறகு தையல் கூடத்தில் பேச்சு கூடிவிடும். அதுவரை தலை நிமிராமல் இருந்த பெண்கள், டீயோடு விழுங்கிய மாத்திரை வேலையைக் காட்ட ஆரம்பித்ததும், ஒருத்தி பேச்சின் மேல் ஒருத்தி பேசுவார்கள். பாராசூட் துணி மேசையிலிருந்து வழிந்து, தரையில் புரண்டு, அடுத்தவள் மடிக்குப் போகும். அதை அங்கே யாரும் பாராசூட் என்று சொல்வதில்லை. குடை என்பார்கள்.

குருவிக்கு அந்த நேரம் பிடிக்கும். ஜன்னல் வெயில் துணியில் பட்டுக் கூடம் முழுக்கப் பாலைக் கொட்டியதுபோல இருக்கும். கைகள் எங்கோ கீழே தம்பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருக்க, அவள் அவற்றுக்கு மேலே மிதந்துகொண்டிருப்பாள். பசிக்காது. இடுப்பு வலி வேறு யாருக்கோ வலிப்பதுபோலத் தள்ளி நிற்கும். குருவி என்ற பெயரே அந்த மாத்திரை கொடுத்ததுதான். வேலைக்கு வந்த புதிதில் கேட்ட கேள்விக்குக்கூடப் பதில் சொல்லாதவள் அவள். யுத்தம் முற்றி, இரண்டு ஷிப்டையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும் என்று ஆனது. நர்ஸம்மா தட்டில் தெம்பு மாத்திரை கொண்டுவர ஆரம்பித்தாள். அதிலிருந்துதான் இவளுக்குக் கீச்சுக்கீச்சென்று பேச்சு வந்தது.

அன்று அவள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் வாட்ச்மேன் வந்தார்.

"குருவி, கேட்டுல உன் நாத்தனார் நிக்குது. நிக்கவா செய்யுது, குதிக்குது."

நாத்தனார் ஆஸ்பத்திரியில் துணி துவைப்பவள். சோப்புத் தண்ணீர் சொட்டும் கையோடு அப்படியே ஓடி வந்திருந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "வந்துட்டான்டி! லீவு குடுத்துட்டாங்களாம்!" என்றாள்.

குருவி திரும்பி மேஸ்திரியைப் பார்த்தாள். "ஷிப்டு முடிச்சுட்டுப் போம்மா," என்றார் அவர். "புருஷன் எங்கயும் ஓடிட மாட்டார்." மீதிக் குடையை அவள் எப்படித் தைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அவள் புருஷன் கொத்தனார் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலில் ஏறி நின்று, ஜன்னலுக்கு மேலே இருந்த விரிசலைப் பூசிக்கொண்டிருந்தார். அவருக்கு ஊரில் கொத்து வேலை. பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது, மணல் லாரியும் ஓட்டியிருக்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டார். கரண்டியைப் பிடித்த கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டார்கள்.

"வந்ததும் வராததுமா என்ன வேலை இது? இறங்குங்க."

"முடிஞ்சுது, முடிஞ்சுது. அடுப்பையும் பிரிச்சு மாட்டிட்டேன். கதவுக் கீல் கத்திச்சே, இப்பக் கத்துதா பாரு. இந்தச் சுவத்துல ஈரம் இறங்கிட்டிருக்கு, நீ கவனிக்கவே இல்லையா? கீழேருந்து வருது. ஒரு வரிசை கல்லைப் பேத்து எடுத்துட்டு…"

கடப்பாரை போட்டு நெம்பினாலும் நாலு வார்த்தை வராத மனுஷன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பேச்சு நின்ற இடத்திலும் தாடை மட்டும் எதையோ மென்றுகொண்டே இருந்தது.

நாத்தனார் சாப்பாட்டைத் தட்டில் போட்டு நீட்டினாள். அவர் அதைக் கையில் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தார். லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகுமாம். யாரும் நிறுத்தக் கூடாதாம். விளக்குப் போடக் கூடாதாம். விடிந்து, இருட்டி, மறுபடி விடிந்து, அதே ரோடு போய்க்கொண்டே இருக்குமாம்.

"ஒரு எடத்துல மரமெல்லாம் ரோட்டைக் கடக்குது. ஒண்ணு பின்னால ஒண்ணா, பள்ளிக்கூடம் விட்டு வர்ற பசங்க மாதிரி. நான் பிரேக் போட்டு வழி விடறேன். பின்னாடி லாரிக்காரனும் ஹாரன் அடிக்கல. அவனுக்கும் தெரியுது போல."

"பயமா இல்லையாடா?" என்றாள் நாத்தனார்.

"பயமா? அழகா இருந்துச்சுக்கா."

குருவி அவருடைய கையைப் பிடித்தாள். அது லாரி என்ஜின்போல உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. "தூங்கி எத்தனை நாளாச்சு?"

"எதுக்குத் தூக்கம்? அதான் டிரைவர் மிட்டாய் இருக்கே." சட்டைப்பையிலிருந்து சின்னத் தகர டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார்.

அவள் எட்டிப் பார்த்தாள். எழுந்துபோய்த் தன் கைப்பையைத் துழாவி, லீவு நாளில் சோர்ந்துபோகக் கூடாதென்று நர்ஸம்மா கொடுத்துவிட்டிருந்த மாத்திரையை எடுத்துவந்து, அவருடையது ஒன்றின் பக்கத்தில் வைத்தாள். அதே வெள்ளை. நடுவில் அதே கோடு. உள்ளங்கையைக் கொஞ்சம் ஆட்டியதும் எது யாருடையது என்று தெரியாமல் போயிற்று.

"நல்லாயிருக்கு போ!" என்றாள் நாத்தனார். "உங்களுக்குப் பத்துப் பொருத்தம் பாத்தோம். இது பதினொண்ணு."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பை முதலில் நிறுத்தியது கொத்தனார்தான். டப்பாவை மூடி அக்காவிடம் நீட்டினார். "இதை எங்கயாவது சாக்கடையில கொட்டிடு. லீவு முடியற வரைக்கும் எனக்கு வேண்டாம். இவ மூஞ்சியத் தெளிவாப் பாக்கணும்."

பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. நெற்றி முழங்காலில் சாய, அப்படியே தூங்கிப்போனார். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலில் கிடத்தினார்கள்.

அதன் பிறகு தூக்கம்தான். குருவி வேலைக்குப் போகும்போது சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். திரும்பி வரும்போது கூரையைப் பார்த்துப் படுத்திருப்பார். கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினால் கண் திறக்காமலே விழுங்குவார். ஒருமுறை, "கலவை போதும், மணல் அள்ளிப் போடு" என்றார். தாடி வளர்ந்தது. அந்தச் சின்ன அறையில் தூக்கம் வெதுவெதுப்பாக நிரம்பியிருந்தது. உள்ளே வந்தவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரி வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "குடுத்து வெச்சவர்" என்று பெருமூச்சு விட்டுப் போனாள்.

குருவி அவர் பக்கத்தில் படுத்துப் பார்த்தாள். கண்ணை மூடினால் இமைக்குள் வெள்ளைத் துணி ஓடியது. எழுந்து, தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். மறுபடி வந்து அவர் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். ஒரே வீட்டுக்குள், அவர் அந்தக் கரையிலும் அவள் இந்தக் கரையிலும் இருந்தார்கள்.

ஆலை லீவு விட்ட நாளில், பிற்பகலில் அவர் கண் திறந்தார். நல்ல வெயில். அவரே பூசிய விரிசல் காய்ந்து வெளுத்திருந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பக்கம் திரும்பினார். கண்ணில் அந்தப் பளபளப்பு இல்லை. கல்யாணமான புதிதில் இருந்த பழைய, மந்தமான, நல்ல கண்.

"ரொம்ப நாளாத் தூங்கறேனா?"

"கேக்காதீங்க."

அவள் கழுத்தெலும்பை விரலால் தொட்டார். "இளைச்சுட்ட."

"நீங்க மட்டும் என்னவாம்?"

"உன்னைக் குருவின்னு கூப்பிடறாங்களாமே. அக்கா சொல்லிச்சு. நீயா பேசற?"

"மாத்திரை பேசுது. நான் கேட்டுட்டிருப்பேன்."

அவர் மெல்லச் சிரித்தார். தெருவில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார்கள்.

"கனா வருதா உனக்கு?"

"தூங்கினாத்தானே வரும்?"

"எனக்கு வந்துச்சு. அந்த ரோட்டுல மரமெல்லாம் நின்ன எடத்துலயே நிக்குது. வேற ஒண்ணும் நடக்கல. அவ்வளவுதான் கனா." தலையணையைத் தடவினார். "அழுதுட்டேன் போல. தலகாணி ஈரமா இருக்கு."

அவள் தலையணையைத் திருப்பிப் போட்டாள்.

"நாளைக்கு நீயும் அதைப் போடாத," என்றார் அவர். கண் மறுபடி செருகிக்கொண்டிருந்தது. "ரெண்டு பேரும் சேந்து தூங்குவோம்."

மறுநாள் டீ வேளையில் குருவி மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டு, கழிப்பறையில் போய்த் துப்பினாள். உடம்பில் அதுவரை தள்ளி நின்ற வலியெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. விரலுக்கு விரல் கனத்தது. துணி நனைந்த கம்பளிபோல இழுக்க வரவில்லை. அது தண்ணென்று கன்னத்தில் பட்டதை உணர்ந்தாள். அதற்குமேல் நினைவில்லை. மெஷின் மட்டும் ஓடியது. நேராக வந்த தையல், வழி தெரியாத ஓடைபோல வளைந்து வளைந்து போய்த் துணியின் ஓரத்தில் விழுந்தது.

மேஸ்திரி திட்டவில்லை. அவர் கண்ணும் கோவைப்பழமாகத்தான் இருந்தது. "இந்தத் தையலை நம்பி ஒருத்தன் மேலேருந்து குதிப்பான்மா," என்றார். "இன்னொரு தடவை ஆச்சுன்னா என் கையில இல்ல. வெளியில நிக்கறவங்கள நீயே பாத்திருப்ப." வேலை கேட்டு வந்த பெண்கள் கேட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருப்பது அங்கிருந்தே தெரிந்தது.

நர்ஸம்மா வந்தாள். மாத்திரையைக் கொடுத்து, குருவி விழுங்கும்வரை நின்று பார்த்தாள். நல்லவள்தான். தோளைத் தட்டிக்கொடுத்து, "வீட்டுக்காரர் லீவுல வந்திருக்காராமே," என்றாள். "அவர் கிளம்பினப்புறம் நிம்மதியாத் தூங்கிக்கலாம்."

லீவு முடியும் நாள் நெருங்க நெருங்க நாத்தனாருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஈரத்துணியால் தம்பி முகத்தைத் துடைத்துப் பார்த்தாள், காதில் கத்திப் பார்த்தாள். அவர் அந்தக் கையையே பிடித்துக் கன்னத்துக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். பின்தெரு டெய்லர் மகன் இப்படித்தான் பட்டாளத்து லாரி கூட்டிப்போக வந்த அன்று எழுந்து போகவில்லை. படுத்திருந்தவனை வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ஓடிப்போகப் பார்த்தான் என்று சொன்னார்கள். அவன் அம்மாவுக்குச் சட்டை மட்டும்தான் திரும்பி வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாத்தனார் பட்டாளத்து டாக்டரை மடக்கிப் பிடித்தாள்.

"காய்ச்சல் இருக்கா?" என்றார் அவர்.

"இல்லீங்கய்யா."

"அடி, காயம்?"

"இல்லீங்கய்யா. தூக்கம்தான். எழுப்ப முடியல. இன்னும் கொஞ்ச நாள் லீவு சேத்துக் குடுத்தீங்கன்னா…"

டாக்டர் சிரித்துவிட்டார். "தூக்கத்துக்கு லீவு குடுக்க ஆரம்பிச்சா யுத்தத்தை யாரும்மா பாக்கறது? நானே படுத்துப் பல நாளாச்சு." அவர் விரல்கள் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தன. பையிலிருந்து மாத்திரை ஒன்றை எடுத்து, அவளுடைய ஈரக் கையில் போட்டார். "டீயில கரைச்சுக் குடு. தானா எழுந்திரிப்பான்."

லாரி வரும் நாள் காலையில் குருவி டீ போட்டாள். மாத்திரையைக் கரண்டி முதுகால் நசுக்கிக் கலந்து, சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டாள். டம்ளரோடு கட்டிலில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. முகத்தில் சதை கொஞ்சம் ஏறியிருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும், அண்ணி," என்றாள் பக்கத்தில் நின்ற நாத்தனாரிடம்.

"தெருமுனையில ஆளுங்க வந்துட்டாங்கடி."

"பாருங்க, சிரிக்கிறார்."

"உன்னால முடியலைன்னா குடு, நான் குடுக்கறேன். எனக்கு என் தம்பி வேணும், அவன் சட்டை வேண்டாம்." நாத்தனார் டம்ளருக்குக் கை நீட்டினாள்.

"நானே குடுக்கறேன்," என்றாள் குருவி. தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கரண்டி கரண்டியாக ஊட்டினாள். அவர் கஞ்சி என்று நினைத்து விழுங்கினார்.

சிறிது நேரத்தில் விரல்கள் அசைந்தன. பிறகு தாடை. பிறகு கண் திறந்தது. திறந்து, விரிந்து, பளபளத்தது. துள்ளி எழுந்து உட்கார்ந்தார்.

"லாரி வந்தாச்சா? பூட்ஸ் எங்க? அடடே, தாடி என்ன இப்படி இருக்கு! எப்ப முடியுது லீவு?"

"இன்னிக்கு."

"இன்னிக்கா? நேத்துதானே வந்தேன்!" அவர் உரக்கச் சிரித்தார். நின்றபடியே முகத்தை மழித்தார், பையைக் கட்டினார், சுவரைத் தட்டிப் பார்த்துச் சபாஷ் என்றார். அக்கா அவர் நெஞ்சில் கை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். சட்டைக்கு மேலேயே துடிப்புத் தெரிந்தது. "என்னடா இது, கூண்டுல போட்ட எலி மாதிரி?"

"தெம்புக்கா, தெம்பு!"

படியிறங்கும்போது குருவி கேட்டாள். "மரமெல்லாம் நின்ன எடத்துல நிக்குதுன்னு சொன்னீங்களே…"

"எந்த மரம்?" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

தெருமுனையில் லாரி நின்றிருந்தது. லீவு முடிந்தவர்கள் இரண்டு பக்கமும் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கித் தூங்கி விழித்தார்கள். அவர்களை வழியனுப்ப வந்த பெண்கள் கீழே கூட்டமாக நின்றார்கள். கொத்தனார் கைப்பிடியைப் பிடித்து ஒரே எம்பில் ஏறினார். உள்ளே இருந்தவர்களிடம் பழகினவர்போலப் பேசத் தொடங்கினார்.

பிறகு பின்பலகையோரம் நின்ற சார்ஜன்ட் ஒரு டப்பாவைத் திறந்துகொண்டு பலகை பலகையாகப் போனான். ஒவ்வொருவரும் முறை வந்ததும் முகத்தை உயர்த்தி வாயைத் திறந்தார்கள். அவன் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தான்.

"ஐயா, அவருக்கு வேண்டாங்க!" குருவி கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனாள். "அவருக்குக் குடுத்தாச்சு! நான் குடுத்துட்டேங்க!"

என்ஜின் உறுமியது. கொத்தனார் வாயைத் திறந்தார், விழுங்கினார். விழுங்கிய அந்தக் கணம் மட்டும் அவர் கண் மூடியிருந்தது. திறந்தபோது, கீழே அவள் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு லாரியோடு ஓடி வருவதைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாக, அவரும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.