சுஜூதில் கிடந்த மருமகள்

முதுகு என்று ஒன்று எனக்கு இருப்பதையே எட்டாம் மாதம் வரைக்கும் நான் நினைத்துப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு வேறெதையும் நினைக்க அது விடவில்லை. கதிரையில் இருந்தால் இடுப்பு கடுக்கும். எழும்பி நடந்தால் தொடை வரைக்கும் இழுக்கும். சரிந்து படுத்தால் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் திரும்பவும் தொடங்கும். குறிஞ்சிப்பிட்டியில் அது வெங்காயம் பிடுங்குகிற காலம் வேறு. முற்றம் நிறைய வெங்காயம், வீடு நிறைய ஆட்கள், அந்த ஆட்களுக்கு ஓயாத தேத்தண்ணி.

உம்மா பக்கத்தில் இருந்திருந்தால் வேறு கதை. யுத்தத்தில் இடம்பெயர்ந்து இங்கே வந்திருந்த உம்மாவும் வாப்பாவும், அது முடிந்த கையோடு மன்னாருக்கே திரும்பிப் போய்விட்டார்கள். நான் அஸ்மியைக் கட்டிக்கொண்டு இங்கே மாமி வீட்டில். முந்தின பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனது. அதனால் முதுகு வலித்தாலும் பயம், வலிக்காவிட்டாலும் பயம்.

மாமா முத்தலிபுவுக்கு ஒரு கொள்கை இருந்தது. பிள்ளைத்தாய்ச்சி ஓடியாடித் திரிந்தால்தான் பேறு லேசாகுமாம். அதை அவர் சாய்மனைக் கதிரையில் கிடந்துகொண்டுதான் சொல்வார்.

"நிஃப்லா, ஒரு தேத்தண்ணி கொண்டா. நடந்தா உனக்குத்தான் நல்லம்."

கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் எனக்கு ஒரு வழி காட்டினார். கையையும் முழங்காலையும் ஊன்றிக்கொண்டு, பூனை சோம்பல் முறிப்பதுபோல் முதுகை மெல்ல மேலே வளைத்து இறக்க வேண்டும். களைத்தால் அப்படியே தலையணையில் நெற்றியை வைத்துக் கிடக்கலாம். "ஆனா வலி விட்டு விட்டு வந்து, வயிறும் கல்லு மாதிரி இறுகினா வீட்டுல மினக்கெட வேணாம். உடனே வரணும்" என்றும் சொன்னார்.

சீமெந்துத் தரை முழங்காலைக் குத்தியது. அலுமாரியில் இருந்த தொழுகை விரிப்பை, முசல்லாவை, எடுத்து விரித்தேன். நெற்றியை வைத்துக் கிடந்தபோது வயிற்றின் பாரம் முதுகைவிட்டு இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். அந்த நேரம் பார்த்து அறை வாசல் சீலையை விலக்கிய மாமி மைமூனா, விலக்கிய வேகத்திலேயே மூடினார்.

"சத்தம் போடாதீங்க. மகள் சுஜூதில கிடக்கிறா" என்று வெளியில் அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

மாமாவின் குரல் சட்டென்று அடங்கியது. நிலத்தில் நெற்றி வைத்துத் தொழுகிறவளை யார் தேத்தண்ணிக்குக் கூப்பிடுவது? நான் திருத்தப் போகவில்லை. என்னிடம் யாரும் கேட்கவுமில்லை. அன்றிலிருந்து முதுகு கடுக்கும்போதெல்லாம் முசல்லாதான். ஊரிலேயே பெரிய வணக்கசாலி நான்தான் என்றாகிவிட்டது. வெங்காயம் வெளியில் கிடக்கிறது, மழை வராமல் துஆக் கேட்கச் சொல் என்று மாமா மாமியிடம் சொல்லி அனுப்பினார். கேட்டேன். கேட்காமல் விடப் பயமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஆண்கள் எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். வலி புதுமாதிரி வந்தது. முதுகில் தொடங்கி வயிற்றைச் சுற்றிப் பிடித்து, பிறகு விட்டது. முசல்லாவில் முழங்காலை ஊன்றினேன். திரும்பவும் பிடித்தது. வயிறு கல்லாக இறுகியது. மிஸ் சொன்னது இதைத்தான் என்று விளங்கியது. எழும்ப முடியவில்லை. தலையணைக்குள் முகத்தைப் புதைத்தபடியே "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று அழுதேன்.

சீலைக்கு அப்பால் பக்கத்து வீட்டு நஃபீஸாவின் குரல் கேட்டது.

"என்ன மைமூனா, புள்ள அழுற சத்தம் கேக்குது?"

"துஆக் கேட்டு அழுறா. குழப்பாதீங்க. அல்லாஹ் கேட்டுக் கபூலாக்கட்டும்." மாமியின் குரலும் தழுதழுத்திருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"மாமீ! நான் தொழல்ல! வலி வந்திட்டு!"

மாமி செருப்பும் போடாமல் றோட்டுக்கு ஓடினார். வெங்காயம் ஏற்ற வந்த ஒரு சிங்கள முதலாளியின் சின்ன லொறியை மறித்து, தெரிந்த சிங்களம் பாதியும் அழுகை பாதியுமாகக் கெஞ்சி, என்னை முன் சீற்றில் ஏற்றித் தானும் ஏறினார். பாலாவிச் சந்தியில் லொறிகள் அடைத்துக்கொண்டு நின்றன. இந்தப் பிள்ளையும் போய்விடுமோ என்று இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். மாமி தலையை வெளியில் நீட்டி எல்லாரையும் ஏசினார்.

புத்தளம் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். பின்னேரம் அஸருக்குப் பிறகு இறுக்கம் தளர்ந்தது. பிள்ளையின் இதயம் நன்றாகத் துடிக்கிறது, இன்னும் சில கிழமை உள்ளேயே வைத்திருக்கப் பார்ப்போம் என்றார் டொக்டர். பயம் இறங்கியதும் எனக்குக் கோபம் ஏறியது.

"ஒருக்கா உள்ள வந்து பாத்திருக்கலாமே மாமி? நான் தொழுறேன் எண்டு எப்பிடி அவ்வளவு நிச்சயமா நம்பினீங்க?"

மாமி கட்டில் விரிப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்தார்.

"முதல் நாளே எனக்குத் தெரியும், மகள். நீ தொழுற பக்கத்த, கிப்லாவப் பாக்காம, அதுக்கு முதுகக் காட்டிக்கொண்டு கிடந்தாய். நானும் புள்ள பெத்தவள்தானே. உனக்கு முதுகு ஏலாது எண்டு சொன்னா உன்ட மாமா படுக்க உட மாட்டார். தொழுறா எண்டா வாய் திறக்க மாட்டார். அதுதான் அப்பிடிச் சொன்னேன். நான் புள்ளயச் சுமந்த காலத்துல என்னய அப்பிடிப் படுக்க உட ஒருத்தரும் இருக்கல்ல."

"அப்ப இண்டைக்கு?"

"இண்டைக்கு நீ அழுதாய். அல்லாஹ்வக் கூப்பிட்டாய். இது உண்மையான துஆ எண்டு நம்பிட்டேன், மகள்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. மெல்லத் திரும்பிப் படுத்து முதுகை அவரிடம் கொடுத்தேன். அவர் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"இங்கயா?"

"கொஞ்சம் கீழ, மாமி."