பதினொரு மணி ஆட்டம்

1

இந்தக் கதை எனக்கு, அணிக்காக அக்டோபர்தோறும் நடக்கும் விருந்தில், சில்லியும் (பீன்ஸும் கறியும் போட்ட காரக் குழம்பு) இனிப்பு ரோலும் வாங்க நின்ற வரிசையில் கிடைத்தது. எனக்கு முன்னால் டார்லீன் வோஸ்குல். நெப்ராஸ்காவில் எங்கள் யார்மன் ஊர்க் கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவி. பக்கத்தில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் வெண்டல் டீடே. ஒட்டுக்கேட்டேன். இதே கல்லூரியில் பதினாறு வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன், எனக்கு அந்த உரிமைகூடவா இல்லை?

“ஓட்டு நாளைக்குத்தானே?”

“ஆமா கோச்.”

“என்ன பண்ணப்போறீங்க?”

“மொதல்ல இலவங்கப்பட்டை ரோல் தீர்றதுக்குள்ள வாங்கப்போறேன்.”

கதையை இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: ‘விளையாட்டுக்குள் பணம் நுழைந்த நாளிலிருந்து…’ சே, தலையங்கம்! அடித்துவிட்டேன்.

2

விஷயம் இதுதான். பத்துக் கல்லூரிகளின் கூட்டமைப்பு. தொலைக்காட்சி தரும் பணம் நாற்பது வருடமாகப் பத்துச் சம பங்கு, ஜெயித்தாலும் தோற்றாலும். பெரிய கல்லூரியான கிங்ஸ்லேண்ட் இப்போது முறுக்கிக்கொண்டு நிற்கிறது: ‘ஜனங்கள் பார்ப்பது எங்கள் ஆட்டத்தை. பார்வையாளர் கணக்குப்படி பிரியுங்கள், இல்லாவிட்டால் விலகுகிறோம்.’ அவர்கள் போய்விட்டால் தொலைக்காட்சிக்காரன் மற்றவர்களுக்குக் கால்வாசிகூடத் தரமாட்டான். விதியை மாற்ற எட்டு ஓட்டு வேண்டும். ஏழு சேர்ந்துவிட்டது. இரண்டு பேர் முடியாது என்றுவிட்டார்கள். மிச்சம் டார்லீன்.

(‘சமமாகப் பிரித்தால் சமமாக ஆடுவார்கள்’ என்று இந்த இடத்தில் எழுதியிருந்தேன். பொய். கிங்ஸ்லேண்டுக்கு எண்பதாயிரம் இருக்கை உள்ள மைதானம், அள்ளிக்கொடுக்கும் பழைய மாணவர்கள் வேறு. சம பங்கிலும் பெரும்பாலும் அவர்கள்தான் ஜெயித்தார்கள். ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் ஜெயித்தோம். அந்த ஒருமுறையை நம்பித்தான் மற்ற வருடங்களும் ஆட்டத்துக்குப் போனோம்.)

3

டார்லீனை முதலில் தியாகியாக எழுதினேன், பிறகு கோழையாக. இரண்டும் ஒட்டவில்லை. டார்லீனும் வெண்டலும் தட்டோடு உட்கார்ந்தார்கள். அடுத்த மேசையில் நான்.

“கோச், அந்தப் பதினொரு மணி ஆட்டம்லாம் நான் கேட்டு வாங்குனது.”

“ஊருக்கே தெரியும்.”

ஒவ்வொரு அக்டோபரும் தொலைக்காட்சி மாலை நேரம் தர வந்தது. டார்லீன் வேண்டாம் என்றார். காலையில் சோளத்தில் பனி ஈரம் இருக்கும், அறுக்க முடியாது. பதினொரு மணிக்கு ஆட்டம் பார்த்துவிட்டு மூன்று மணிக்கு வயலில் இறங்கலாம். ஊரே அவரைக் கொண்டாடியது. ஊரே மைதானத்தில் இருந்ததால் ஊரில் ஒரு டிவியும் ஓடவில்லை.

“கிங்ஸ்லேண்டை ஜெயிச்சோமே, அதையும் காலைல போடச் சொன்னது நாந்தான். பார்வையாளர் கணக்குல பத்துப் பேர்ல கடைசி இப்ப நாமதான். என் கையாலயே கெடுத்துட்டேன்.”

“சும்மா இருங்க. உங்க டிவிக்காகச் சோளம் காத்துக்கிட்டு நிக்குமா?”

“பங்கு பாதியானா டீம் என்னாகும்?”

“நல்லா ஆடுற பசங்களை அவங்க வந்து கொத்திக்கிட்டுப் போவாங்க. போன வருஷமே ரெண்டு பேர் போயிட்டானுங்க.”

“அவங்க விலகிட்டா?”

வெண்டல் கரண்டியைக் கீழே வைத்தார். “கொத்துறதுக்கு டீமே இருக்காது.”

4

முடிவு ஒன்று: ‘சரி’ என்கிறார். அணி பிழைக்கிறது. வருடாவருடம் கிங்ஸ்லேண்டிடம் உதை வாங்குகிறது. பிழைப்பது என்பது…

முடிவு இரண்டு: ‘முடியாது’ என்கிறார். சில்லி வரிசையில் எல்லோரும் கைதட்டுகிறார்கள். அடுத்த அக்டோபரில் வரிசையே இல்லை.

எதையும் என்னால் முடிக்க முடியவில்லை. வருத்தமாக இருக்கிறது, அதை மறைக்கப்போவதில்லை.

5

இன்னொன்றை மறைத்துவிட்டேன். எனக்கு வயல் கிடையாது. ஆட்டம் முடிந்து எல்லோரும் அறுவடைக்குப் போனபின் நான் வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்வேன். மாலையில் கிங்ஸ்லேண்ட் ஆட்டம் ஓடும். பதினாறு வருடமும் பார்த்தேன். நேரில் கைதட்டிய யார்மன் ஆட்டம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அரைத் தூக்கத்தில் பார்த்தது கிங்ஸ்லேண்ட் கணக்கில் ஏறிவிட்டது.

மறுநாள் தொலைபேசிக் கூட்டத்தில் கூட்டமைப்புத் தலைவர் கேட்கிறார்: “யார்மன்? டார்லீன், லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“உங்க ஓட்டு?”

இதற்குமேல் சொல்ல எனக்கு வாய் இல்லை. நீங்கள் சொல்லுங்கள். சொல்வதற்கு முன், போன சனிக்கிழமை மாலை உங்கள் வீட்டு டிவியில் யார் ஆட்டம் ஓடியது என்று ஒருதரம் யோசித்துக்கொள்ளுங்கள். அவர் காத்திருக்கிறார்.