ஊற்றுச்சுவரில் பூசிய சிமெண்ட்

போரில் தோற்றுவிட்டோம். மறுநாள் காலைக்குள் ஊரைக் காலி செய்து அசர்பைஜான் ராணுவத்திடம் விட வேண்டும். மதியம் ஒரு மணிக்கு ஸொஹ்ராபின் லாரி ஊற்றடியில் வந்து நின்றது. அதில் ஏற்கெனவே மூன்று சவப்பெட்டிகள் இருந்தன. விட்டுப் போக மனமில்லாமல் கல்லறையைத் தோண்டி எடுத்தவை. என் அண்ணன் நோராய்ருக்குக் கல்லறை கிடையாது. தொண்ணூற்று மூன்றில் போருக்குப் போனான், உடல்கூட வரவில்லை. ஊற்றுச்சுவரில் செதுக்கிய பெயர் மட்டும்தான் மிச்சம்.

எங்கள் ஊரின் போர் நினைவிடம் அந்தச் சுவர்தான். செங்கல் நிறக் கற்கள், கல்லுக்கு ஒன்றாக முப்பத்தொரு பெயர்கள், அடியில் ஒரு குழாய். குடிக்க வருகிறவர் யாரானாலும் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுத்தான் குனிய வேண்டும். அம்மா இருபத்தைந்து வருடமாக ஒரே பெயரைச் சொல்லிக் குடித்தாள்.

"பேர்க் கல்லை மட்டும் பேத்து எடுத்துடுவோம்" என்று ஸொஹ்ராப் கடப்பாரையை இடுக்கில் விட்டு நெம்பினான். கல் அசையவில்லை. இடுக்கிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அவன் முகத்தில் அடித்தது.

"நிறுத்துடா!" ஹ்ராச்சிக் ஓடி வந்தான். சுவரைக் கட்டியது அவன் அப்பா. "அந்தக் கல்லுங்கதான் தண்ணியத் தாங்குது. ஊரைக் காத்தவங்க தண்ணியையும் காக்கட்டும்னு வேணும்னேதான் அப்பா அப்படிக் கட்டுனாரு. ஒண்ணை உருவுனாலும் மொத்த ஊத்தும் ரோட்டுல இறங்கிடும். மேல இன்னும் பதினாலு வண்டி இருக்கு, சேத்துல மாட்டிக்கும்."

"உங்கப்பன் செத்தும் உயிரை வாங்குறாரே." ஸொஹ்ராப் முகத்தைத் துடைத்தான். "அப்ப வர்றவன் சம்மட்டியால உடைக்கட்டும்னு விட்டுட்டுப் போறதா?"

ஹ்ராச்சிக் கடப்பாரையைப் பிடுங்கிக் கீழே போட்டான். "பூசிடுவோம். பேரு தெரியலைன்னா இது வெறும் தண்ணிக் குழாய். அதை எவன் உடைப்பான்?"

அவன் வீட்டில் இரண்டு மூட்டை சிமெண்ட் கிடந்தது. நவம்பர் மாதம். சாயங்காலம் உறைபனி இறங்கிவிடும். அதற்குள் இறுகாவிட்டால் பூச்சு உதிர்ந்து போகும். வெந்நீர் வைத்துக் குழைத்தோம். மேலிருந்து வண்டிகள் ஹார்ன் அடித்தபடி இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுச் சொல்லி மூடினேன்.

நோராய்ரின் பெயர் வந்தது. "தள்ளு, நான் பூசுறேன்" என்றாள் அம்மா. பூச்சுக் கரண்டியைத் தொடவில்லை. விரலால் தொட்டு, குழந்தைக்குச் சோப்புப் போடுகிற மாதிரி தடவினாள்.

"கனமாப் போடும்மா. எழுத்து தெரியுது."

"போதும். அவனுக்கு மூச்சு முட்டும், கண்ணு."

"சிரானுஷக்கா, இது கல்யாண வண்டி இல்ல, ஏறுங்க!" ஸொஹ்ராப் அம்மாவைப் பார்த்துக் கத்தினான்.

நான் இன்னொரு கரண்டி சிமெண்ட் அள்ளினேன். அம்மா என்னைப் பார்த்தாள். அள்ளியதை வாளியிலேயே போட்டுவிட்டேன்.

இப்போது எனக்கு ரஷ்யாவில், சரட்டோவில் கட்டட வேலை. அம்மா அபோவியான் நகரில் வாடகை அறையில் இருக்கிறாள். வேலை முடிந்து வந்ததும் அசர்பைஜான் சிப்பாய்கள் போடும் வீடியோக்களைப் போனில் தேடுவேன். மார்ச்சில் ஒன்று கிடைத்தது. பதினோரு நொடி. ஒரு சிப்பாய் எங்கள் குழாயில் குனிந்து குடிக்கிறான். முப்பது பெயர்களும் மூடியே இருந்தன. அம்மா பூசிய இடத்தில் மட்டும் பூச்சு உதிர்ந்து மூன்று எழுத்து வெளியே தெரிந்தது. குடித்து நிமிர்ந்தவன் சுவரைத் திரும்பிப் பார்க்கிறான். வீடியோ அங்கே முடிந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் கேட்டாள்: "சுவரு இருக்கா?"

"இருக்கும்மா."

"அவன் பேரு தெரியுதா?"

"இல்லம்மா. மூடித்தான் இருக்கு."

"கொஞ்சங்கூடவா?" அவள் குரல் இறங்கிவிட்டது.

நேற்று இன்னொரு வீடியோ பார்த்தேன். அதே ஊற்றடி. ரோடு முழுக்கச் சேறு. சிப்பாய்கள் சிரித்துக்கொண்டே ஒரு ஜீப்பைத் தள்ளுகிறார்கள். சுவர் இருந்த இடத்திலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கி வருகிறது.

இன்று ஞாயிறு. ஆறு மணிக்கு அம்மா கூப்பிடுவாள்.